ஃப்ளையை மாற்றும் முன் கயிற்றைப் பாருங்கள்: நங்கூரமிட்ட சிறு படகில் ட்ரவுட் தூண்டில், கோளாறும் தீர்வும்

நீலகிரியின் எமரால்டு நீர்த்தேக்கத்தில் ஓடை வந்து சேரும் ஒரு சிறு குடா. மார்கழி மாதம். கரைப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏறியதும் படகுக்குப் பக்கத்திலேயே ட்ரவுட் மீன் எழும்ப ஆரம்பித்தது. இரண்டு மணி நேரத்தில் ஏழு ஃப்ளை, அதாவது பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள், மாற்றினேன். ஒரு கடிகூட இல்லை. எட்டாவதைக் கட்டும்போது தற்செயலாக எதிர்க்கரையைப் பார்த்தேன். தண்ணீரோரம் ஒரு கற்பூர மரம், அதற்கு மேலே தேயிலைக்குள் ஒரு சில்வர் ஓக். நங்கூரம் போட்ட நேரத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. இப்போது பிரிந்து நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேர்ந்தன, பிறகு மறுபக்கம் பிரிந்தன. அத்தனை நேரமும் படகு தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. பின்பக்கமும் ஒரு நங்கூரத்தை இறக்கிவிட்டு, காலையில் முதலில் கட்டிய அதே ஃப்ளையைத் திரும்பக் கட்டினேன். மூன்றாவது வீச்சில் கடித்தது.

அன்றிலிருந்து நான் கோளாறு தேடும் வரிசை மாறிவிட்டது. முதலில் கயிறு. அடுத்து படகு. அதற்கப்புறம் லைன் (ஃப்ளையை வீச உதவும் கனத்த தூண்டில் நூல்), ஆழம். ஃப்ளை கடைசியில்தான். கீழே உள்ளவை அந்த வரிசையிலேயே இருக்கின்றன. உங்களுக்கு எந்தத் தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் முதல் இரண்டை எல்லோரும் படித்துவிடுங்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

படகை இறக்குவதற்கு முன் ஒரு விஷயம். நீலகிரியின் பெரிய நீர்த்தேக்கங்கள் மின்வாரியத்தின் கையில் இருக்கின்றன. சுற்றியுள்ள காடு வனத்துறையுடையது. மீனைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் மீன்வளத் துறை. உதகையில் விசாரித்து, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். கரையிலிருந்து தூண்டில் போட அனுமதி கிடைத்தால் படகுக்கும் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதைத் தனியாகக் கேட்க வேண்டும். முக்குர்த்தி 1990 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு நுழையும் எண்ணமே வேண்டாம். எஸ்டேட் குளத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு பழகுபவர்களுக்கும் இங்கே சொல்வதெல்லாம் பொருந்தும்.

## படகு நிற்கவில்லை. முன்பக்கம் இடமும் வலமுமாக அலைகிறது

ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் எந்தச் சிறு படகும் அலையும். காற்று ஒரு விலாவில் படும், படகு எதிர்ப்பக்கம் ஒதுங்கும், கயிறு இழுத்துத் திருப்பும், உடனே காற்று மறு விலாவைப் பிடிக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது, ஏனென்றால் தண்ணீரும் அலையும் கூடவே நகர்வது போல இருக்கும். அதனால்தான் கரையில் இரண்டு அடையாளம் வேண்டும்: ஒன்று தண்ணீரோரம், இன்னொன்று அதற்குப் பின்னால் மேட்டில். நங்கூரம் போட்டதும் இரண்டையும் ஒரே கோட்டில் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோடு பிரிந்தால் நீங்கள் நகர்கிறீர்கள்.

எவ்வளவு நகர்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. நங்கூரத்திலிருந்து படகு 30 அடி தள்ளி நிற்கிறது, இருபுறமும் 20 பாகை ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து ஓரம் 20 அடிக்கு மேல் வரும். தண்ணீருக்கடியில் உங்கள் ஃப்ளை ஒரு ஊசித்தட்டானின் இளம்புழு போல விரற்கடை விரற்கடையாக ஊர வேண்டும் என்று நீங்கள் பொறுமையாக இழுக்கிறீர்கள். படகு அதைப் பக்கவாட்டில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறது. படகு மறுபடி திரும்பும்போது லைன் தொய்ந்துவிடும். அந்த நேரத்தில் மீன் கடித்துத் துப்பினாலும் கைக்குச் செய்தி வராது.

தீர்வு, முன்னும் பின்னுமாக இரண்டு நங்கூரம். போடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் காற்று வரும் திசையில் துடுப்புப் போட்டுப் போங்கள். முன்பக்க நங்கூரத்தை வீசாமல் கையால் மெதுவாக இறக்குங்கள். காற்றோடு பின்னால் ஒதுங்கியபடி, தேவையைப் போல இரண்டு பங்கு கயிற்றை விடுங்கள். இப்போது பின்பக்க நங்கூரத்தை இறக்குங்கள். பிறகு முன்கயிற்றைப் பிடித்துப் படகைப் பாதித் தூரம் முன்னால் இழுத்துக்கொண்டே பின்கயிற்றை விட்டுக்கொடுங்கள். இரண்டும் விறைப்பானதும் கட்டுங்கள். கட்டும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இருவர் போனால் படகைக் காற்றுக்குக் குறுக்காக நிறுத்தினால் இருவருக்கும் காற்றோடு வீச வசதி. மெல்லிய காற்றில் மட்டும் அப்படி நிறுத்துங்கள். நுரை எழும்பும் அலையில் பத்தடிப் படகைக் குறுக்காகக் கட்டிவைப்பது ஆபத்து.

பரிசல் தனி ஜாதி. வட்டமானது, அடியில் முதுகெலும்பு கிடையாது. ஒற்றைக் கயிற்றில் கட்டினால் ஆடுவதோடு சுற்றவும் செய்யும். பவானிசாகரில் வலை போடும் பரிசல்கார அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னது: "பரிசலுக்கு ஏது கண்ணு மூக்கு? மூக்க நாமதான் வெச்சுக் குடுக்கோணும்." விளிம்பு மூங்கிலில் இரண்டு முழ இடைவெளி விட்டு இரண்டு இடத்தில் கட்டி, இரு கயிறும் வெளியே ஒரு முடிச்சில் சேரும்படி செய்து, நங்கூரக் கயிற்றை அந்த முடிச்சில் மாட்டிக் காட்டினார். சுற்றுவது அந்த நொடியே நின்றது. எதிர்ப்பக்க விளிம்பிலிருந்து இரண்டாவது நங்கூரம் இறங்கியதும் ஆட்டமும் நின்றது. அவர் ட்ரவுட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ட்ரவுட் பிடிப்பது பற்றி எனக்குக் கிடைத்த மிக நல்ல பாடங்களில் அது ஒன்று.

கயாக் வைத்திருப்பவர்கள் விலாவில் கயிற்றைக் கட்டாதீர்கள், முனையில் கட்டுங்கள். உட்கார்ந்து மிதக்கும் காற்றடைத்த வளையத்துக்கு நங்கூரமே வேண்டாம், காலில் மாட்டும் துடுப்பு போதும்.

## நங்கூரம் பிடிக்காமல் படகு நழுவுகிறது

கயிற்றின்மேல் இரண்டு விரலை வையுங்கள். நங்கூரம் பிடித்திருந்தால் கயிறு விறைத்து அமைதியாக இருக்கும். அடியில் இழுபட்டுக்கொண்டிருந்தால் தடதடவென்று விரலுக்குத் தெரியும்.

உடனே பெரிய நங்கூரம் வாங்க ஓடாதீர்கள். முக்கால்வாசி நேரம் குறை கயிற்றின் நீளத்தில்தான். நங்கூரம் எடையால் மட்டும் பிடிப்பதில்லை. கிடைமட்டமாக இழுபடும்போதுதான் மண்ணைக் கவ்வும். கயிறு செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கிவிடும். ஆழத்தைப் போல மூன்று பங்கு கயிறு குறைந்தபட்சம். காற்று அடித்தால் ஐந்து பங்கு, அதற்கும் மேல். 15 அடி ஆழத்துக்கு 45 அடி, காற்றில் 75 அடி. துணி காயப்போடும் கயிற்றில் இருபது அடியோடு வருபவர் என்ன நங்கூரம் கொண்டுவந்தாலும் நழுவத்தான் செய்வார். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே நாலைந்து அடி இரும்புச் சங்கிலி சேர்த்தால் இழுப்பு தரையோடு தரையாக விழும்.

நம் நீர்த்தேக்கங்களின் அடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. அணை கட்டும் முன் அவை புல்வெளியும் சோலையும் ஓடையுமாக இருந்த பள்ளத்தாக்குகள். ஓடை முகத்தில் மென்சேறு. அங்கே காளான் வடிவ நங்கூரம் புதைந்து நிற்கும். பழைய மேட்டுச் சரிவில் பாறையும் மரக்கட்டையும். அங்கே கொக்கி நங்கூரம் பிடிக்கும், ஆனால் திரும்ப வராது. நான் அப்படிப்பட்ட இடங்களில் பழைய வலைப்பைக்குள் உருண்டைக் கற்களைப் போட்டு இறக்குகிறேன். சுமார் எட்டு கிலோ. எதிலும் மாட்டாமல் வந்துவிடும்.

## காலையில் அசையாமல் நின்ற படகு மதியம் ஆட ஆரம்பிக்கிறது

இவை மின்சாரத்துக்காகத் தண்ணீர் விடும் தேக்கங்கள். மட்டம் மழைக்கு மட்டும் கட்டுப்பட்டதில்லை. தண்ணீர் இறங்கினால் இரண்டு கயிறும் தளரும், படகுக்கு ஆட இடம் கிடைக்கும். ஏறினால் கயிறு செங்குத்தாகி நங்கூரம் தூக்கும். கரையை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியைக் குத்திவையுங்கள். மணிக்கு ஒருமுறை கயிற்றை இழுத்துப் பாருங்கள். காற்றும் திசை மாறியிருக்கலாம். மலைப் பள்ளத்தாக்கில் காலை பத்து, பதினோரு மணிக்கு மேல் காற்று எழும்புவது வாடிக்கை.

## லைன் படகுக்குள் எதிலாவது மாட்டிக்கொண்டே இருக்கிறது

துடுப்பு முனை, ஷூ லேஸ், போல்ட், டிபன் கேரியர் பிடி, நங்கூரக் கயிறு. ஃப்ளை லைன் இவற்றைத் தேடிப் போய் மாட்டும். வீசும் இடத்தில் காலடியை முழுக்கக் காலி செய்து, ஈரச் சாக்கு ஒன்றை விரியுங்கள். இழுத்த லைன் அதன்மேல் விழட்டும். நங்கூரக் கயிற்றுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பேசின். வெறுங்காலோடு உட்கார்ந்தால் லைனை மிதித்தால் தெரியும். மார்கழிக் குளிரில் வெறுங்கால் முடியாது. லேஸ் இல்லாத ரப்பர் பூட்ஸ் போடுங்கள்.

வீசும் தூரமும் ஒரு காரணம். அறுபது அடி வீசினால் அறுபது அடி லைன் படகுக்குள் குவியும். நங்கூரமிட்ட படகில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் ட்ரவுட் முப்பது, நாற்பது அடியிலேயே வரும். நிற்க வேண்டாம். நின்றால் உங்கள் உருவம் மீனுக்குத் தெரியும், படகின் நிலையும் கெடும். உட்கார்ந்து வீசும்போது பின்வீச்சு தண்ணீரில் அடிக்கிறதா? தூண்டில் கம்பான ராடைத் தோளுக்குப் பின்னால் சாயவிடுகிறீர்கள் என்று அர்த்தம். காதுக்கு நேரே நிறுத்துங்கள்.

## ஃப்ளை முதுகிலும் தொப்பியிலும் அடிக்கிறது

வலக்கைக்காரர் என்றால் காற்று இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வந்தால் லைனை உங்கள் மேலேயே தள்ளும். நங்கூரத்தை எடுத்து மாற்றிப் போடுவதுதான் சரி. சோம்பல் பார்த்தால் கண் போகும். கண்ணாடி இல்லாமல் படகில் வீசவே கூடாது. கூட வருபவருக்கும் கண்ணாடி கொடுங்கள். தூண்டில் முள்ளின் முனைக்குப் பின்னால் இருக்கும் சிறு எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிட்டால், மீனுக்கும் நல்லது, உங்கள் காதில் ஏறினாலும் எளிதில் வரும்.

## லீடரில் தானாக முடிச்சு விழுகிறது

லைனின் நுனியில், ஃப்ளைக்கு முன்னால் இருக்கும் மெல்லிய நூல்தான் லீடர். அதில் முடிச்சு விழுந்தால் காற்றின்மேல் பழி போடுவார்கள். முன்வீச்சில் தொடக்கத்திலேயே வேகத்தைக் கொட்டுவதுதான் காரணம். மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் நிறுத்துங்கள். விழுந்த முடிச்சை அவிழ்க்க முடியாவிட்டால் வெட்டி, லீடரின் மெல்லிய கடைசித் துண்டான டிப்பெட்டைப் புதிதாகக் கட்டுங்கள். அந்த முடிச்சு நூலின் வலுவில் நல்ல பங்கைத் தின்றுவிடும். வெட்டிய துண்டு சட்டைப் பைக்குள் போக வேண்டும். இந்த ஓடைகளில் நீர்நாய் இருக்கிறது.

## மீன் மேலே எழும்புகிறது, ஃப்ளையைத் தொடுவதில்லை

எப்படி எழும்புகிறது என்று ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். மூக்கு வெளியே வந்து ஒரு குமிழி விட்டுப் போனால் மேலே மிதக்கும் பூச்சியை எடுக்கிறது. மூக்கு தெரியாமல் முதுகுத் துடுப்பும் வாலும் மட்டும் உருண்டு மறைந்தால், நீர்ப்பரப்புக்கு ஓர் அங்குலம் கீழே தொங்கும் கூட்டுப்புழுவை எடுக்கிறது. இங்கே குளிர்காலக் காலைகளில் நான் அதிகம் பார்த்தது இரண்டாவது வகையைத்தான். கொசு மாதிரியே இருந்தும் கடிக்காத ஒரு சிறு பூச்சி உண்டு. அதன் புழு சேற்றுக்குள் சிவப்பாக வளரும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பிளட்வார்ம் என்று வாங்குவது இந்த இனத்தைத்தான். அது கூட்டுப்புழுவாகி மெல்ல மேலே ஏறி, தோலை உரிக்கும் முன் நீர்ப்பரப்புக்கடியில் சற்று நேரம் தொங்கும். மேலே நன்றாக மிதக்கும் அழகான ஃப்ளையை அந்த நேரத்தில் ட்ரவுட் ஏறிட்டும் பார்க்காது.

கறுப்பு அல்லது அடர்சிவப்பில் 12, 14 எண் முள்ளில் கட்டிய மெல்லிய ஃப்ளை போதும். அசைக்காமல் விடுங்கள். காற்று லைனை மெல்ல வளைப்பதே போதுமான அசைவு.

அப்போதும் மறுத்தால் லீடரைப் பாருங்கள். கையெண்ணெய் பட்ட லீடர் மிதக்கும். மிதக்கும் நூல் கண்ணாடித் தண்ணீரில் கீறல் போலத் தெரியும், அதன் நிழல் அடியில் விழும். இதைப் போக்க வெளிநாட்டுப் பசை விற்கிறார்கள். அதன் மூலப்பொருள் நம் வீட்டு முல்தானி மட்டிதான். இரண்டு கரண்டி முல்தானி மட்டி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, காய்ந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரின். சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து பழைய ஃபிலிம் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைக்கு முன்னால் உள்ள கடைசி நாலடி நூலில் தேய்த்து, தண்ணீரில் அலசுங்கள். நூல் உடனே மூழ்கும். நாலு ஃப்ளை மாற்றுவதைவிட இது பலமுறை பலன் தந்திருக்கிறது.

## மேலே அசைவே இல்லை, கடியும் இல்லை

மீன் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் ஆழத்தைத் தேடுங்கள். படகு அசையாமல் நிற்பதன் பெரிய லாபமே இதுதான்: ஒரே இடத்தில் ஒவ்வொரு அடியாகக் கீழே போய்ப் பார்க்கலாம்.

மூழ்கும் லைனின் பெட்டியில் நொடிக்கு எத்தனை அங்குலம் இறங்கும் என்று போட்டிருக்கும். நொடிக்கு 3 அங்குலம் என்றால் 20 நொடியில் 5 அடி, ஒரு நிமிடத்தில் 15 அடி. நொடிக்கு 6 அங்குலம் என்றால் அரை நிமிடத்தில் 15 அடி. நொடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கும் லைனுக்கு அதே ஆழத்துக்கு இரண்டு நிமிடம் வேண்டும். வீசியதும் வாய்விட்டு எண்ணுங்கள். முதல் வீச்சில் பத்து எண்ணி இழுங்கள், அடுத்தது இருபது, அடுத்தது முப்பது. ஃப்ளையில் பாசி வந்தால் அடியைத் தொட்டுவிட்டது. ஐந்து எண்ணிக்கை குறையுங்கள். கடி விழுந்த எண்ணிக்கையை மறக்காதீர்கள். கூட வந்தவரிடமும் சொல்லுங்கள், அன்று இருவருக்கும் அதுதான் ஆழம்.

மூழ்கும் லைன் இல்லாதவர்கள் தக்கை கட்டிக்கொள்ளலாம். அடியிலிருந்து ஓர் அடி மேலே ஃப்ளை தொங்கும்படி தக்கையை நகர்த்துங்கள். ஆழம் அளக்க ஒரு சுலப வழி: ஃப்ளையில் இடுக்கியைக் கவ்வவிட்டு நேரே இறக்குங்கள். தக்கை முறைக்குப் படகு அசையாமல் நிற்பது எல்லாவற்றையும்விட முக்கியம். படகு ஆடினால் ஃப்ளை தூரி ஆடும்.

ஆழம் எல்லாம் பார்த்தும் ஒன்றுமில்லை என்றால் ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். ட்ரவுட் இங்கே வந்தேறிய மீன். 1860-களில் மீனியல் அறிஞர் ஃப்ரான்சிஸ் டே இங்கிலாந்திலிருந்து கொண்டுவர முயன்றது கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் எடுத்த முயற்சியில்தான் ட்ரவுட் இங்கே ஊன்றியது. அவலாஞ்சியின் குஞ்சு பொரிப்பகம் 1907-ல் தொடங்கியது. இந்த மலையில் ஊன்றிக்கொண்டது வானவில் ட்ரவுட். அதற்கு 10 முதல் 18 பாகை செல்சியஸ் வரை சுகம். 20-ஐத் தாண்டினால் மூச்சுக்குத் திணறும். நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், தண்ணீரில் கரையும் பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறைவு. அதனால் ஏப்ரல், மே மதியங்களில் மேல்நீர் 20 பாகை காட்டினால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அந்தச் சூட்டில் பிடித்து விட்ட மீன் நீந்திப் போவது போலத் தெரியும், பிழைப்பது நிச்சயமில்லை. விடியற்காலையில் ஓடை முகத்தில் குளிர்ந்த நீர் வந்து சேரும் இடத்தில் மட்டும் முயன்று பாருங்கள்.

## கடி தெரிகிறது, முள் ஏறுவதில்லை

ராடு முனை எங்கே இருக்கிறது? தண்ணீருக்கு மேலே இரண்டடி உயர்ந்திருந்தால் முனைக்கும் நீருக்கும் நடுவே லைன் தொங்கிக்கொண்டிருக்கும். கடியின் முதல் பாதி அந்தத் தொய்வை நிமிர்த்துவதிலேயே போய்விடும். முனையைத் தண்ணீரில் தொடும்படி வைத்து ஃப்ளையை நோக்கி நீட்டுங்கள். கடி தெரிந்ததும் ராடைத் தூக்காமல் இடக்கையால் லைனை நீளமாக ஓர் இழுப்பு இழுங்கள். முள் ஏறாவிட்டாலும் ஃப்ளை மீன் பக்கத்திலேயே இருக்கும், திரும்ப வந்து கடிக்கும்.

முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது.

இன்னொன்று. இழுத்து முடிக்கும்போது ஃப்ளையை வெடுக்கென்று தூக்கி அடுத்த வீச்சுக்குப் போகாதீர்கள். லீடர் கண்ணுக்குத் தெரிந்ததும் ராடை மெதுவாக உயர்த்தி, பத்து எண்ணும் வரை நிறுத்துங்கள். ஆழத்திலிருந்து பின்தொடர்ந்து வந்த ட்ரவுட், ஃப்ளை மேலேறி நிற்பதைப் பார்த்துக் கடிப்பது படகடியில் அடிக்கடி நடக்கும்.

## மாட்டிய மீன் நங்கூரக் கயிற்றைச் சுற்றிவிடுகிறது

நான் கைக்குள் வந்து இழந்த மீன்களில் பெரியது இப்படித்தான் போனது. முன்கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஓடி, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தண்ணீருக்குள் அதன் செவ்விலா மின்னியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அறுந்த நுனி மட்டும் வந்தது.

இரண்டு கயிறு இறங்கியிருக்கும் படகில் இது நடக்கத்தான் பார்க்கும். மீன் கயிற்றை நோக்கிப் போனால் ராடைத் தூக்கிப் பிடிப்பதுதான் கையின் முதல் எண்ணம். அதற்கு மாறாக, ராடு முனையைத் தண்ணீருக்குள் கைப்பிடி வரை ஆழ்த்துங்கள். லைன் கயிற்றுக்கடியில் போகாமல் படகடியோடு வரும். மீன் கடந்த பக்கத்துக்கு நீங்களும் ராடை வளைத்துக் கொண்டுபோகலாம். இருவர் இருந்தால் மீன் மாட்டிய நொடியில் மற்றவர் பின்நங்கூரத்தை எடுத்துவிட வேண்டும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு வேண்டும் என்றது இதற்காகவும்தான். தனியாகப் போனால் கயிற்றின் முனையில் ஒரு காலி எண்ணெய்க் கேனைக் கட்டிவையுங்கள். முடிச்சை உருவிக் கயிற்றையே தண்ணீரில் விட்டுவிடலாம். கேன் மிதக்கும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

வீசும் திசையை முதலிலேயே கயிறு இறங்காத விலாப் பக்கமாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். நேரம் ஆக ஆக அதன் உயிர் குறையும்.

## அலை படகுக்குள் அடிக்கிறது, மூடுபனி இறங்குகிறது

காற்று வலுத்தால் முதலில் எடுக்க வேண்டியது பின்நங்கூரம். பின்பக்கம் கட்டப்பட்டு, முன்கயிறு நழுவிவிட்டால் படகு திரும்பி, தாழ்வான பின்விளிம்பு வழியே அலை உள்ளே வரும். பின்கயிறு எடுத்ததும் படகு தானாக மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிற்கும். அதற்கப்புறம் முன்நங்கூரம். எடுக்க நேரமில்லை என்றால் வெட்டுங்கள். கத்தி பைக்குள் இருந்தால் பயனில்லை. உயிர்காப்பு அங்கியின்மேல் கைக்கு எட்டும்படி கட்டியிருக்க வேண்டும். அங்கியை உட்காரும் திண்டாகப் போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். நீச்சல் தெரிந்தவரும் அந்தத் தண்ணீரின் குளிரில் சில நிமிடங்களில் கைகால் விறைத்துப்போவார்.

மூடுபனி பத்து நிமிடத்தில் கரையை மறைத்துவிடும். நங்கூரம் போட்ட உடனே, கரை தெளிவாகத் தெரியும்போதே, படகு இறக்கிய இடம் திசைகாட்டியில் எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதிவையுங்கள். பனி இறங்கினால், காற்று அமைதியாக இருக்கும் வரை நின்ற இடத்திலேயே நிற்பது நல்லது. இடி கேட்டால் நிற்கக் கூடாது. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்; அதைப் படுக்கப் போட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் படகை எடுக்கவே வேண்டாம். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலைச்சரிவே இறங்கி வந்த நாட்கள் அவை.

## நங்கூரம் மேலே வர மறுக்கிறது

படகு விளிம்பில் சாய்ந்து முழுப் பலத்தோடு இழுக்காதீர்கள். நங்கூரம் திடீரென்று விட்டாலும் கவிழும், விடாவிட்டாலும் கவிழும். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நங்கூரத்துக்கு நேர் மேலே போங்கள். அங்கிருந்து, முதலில் இழுபட்ட திசைக்கு எதிர்த்திசையில் துடுப்புப் போட்டு, கயிற்றைப் படகின் முனையில் கட்டி, படகின் இழுப்பிலேயே விடுவிக்கப் பாருங்கள்.

கொக்கி நங்கூரம் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே ஒரு காரியம் செய்யலாம். கயிற்றை மேல் வளையத்தில் கட்டாமல், கொக்கிகள் ஒன்றுசேரும் அடிப்பகுதியில் கட்டுங்கள். பிறகு தண்டோடு ஒட்டி மேலே கொண்டுவந்து, வளையத்தோடு ஒரு மெல்லிய கேபிள் டையால் பிணையுங்கள். சாதாரண இழுப்பை அது தாங்கும். கொக்கி மாட்டிக்கொண்டால் பலமாக இழுபடும்போது அந்தப் பிணைப்பு மட்டும் அறும், நங்கூரம் தலைகீழாகப் புரண்டு வந்த வழியே வெளியேறும்.

எதற்கும் அசையவில்லை என்றால் கயிற்றை முடிந்தவரை கீழே பிடித்து வெட்டுங்கள். வெட்டும் முன் கரையில் இரண்டு திசையில் இரண்டு ஜோடி அடையாளத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அந்த இடம் பல நேரம் கரையாகிவிடும். நான் அப்படி வெட்டிவிட்ட இரண்டு நங்கூரங்களில் ஒன்றை ஐந்து மாதம் கழித்து, காய்ந்து வெடித்த சேற்றின்மேல் நடந்து போய் எடுத்துவந்தேன். அணைக்கு முந்தைய ஏதோ ஒரு மரத்தின் வேரைக் கவ்விக்கொண்டிருந்தது.